இனிப்பு மாத்திரை வீகனுக்கு ஆகுமா?

காட்பாடிச் சகோதரிக்கு வணக்கம். பாலையும் நெய்யையும் விட்டுவிட்டு வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவராக, வாழும் நீங்கள், சர்க்கரை நோய்க்காகத் தேநீரில் இனிப்பு மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புத் தரும் சாக்கரின், சுக்ரலோஸ் இரண்டும் விலங்கிலிருந்து வருபவை அல்ல. ஸ்டீவியா ஒரு செடியின் இலைச்சாறு. சிக்கல் மாத்திரையில்தான்: சில நிறுவனங்கள் அதற்கு உருக்கொடுக்க லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, சேர்க்கின்றன. பச்சைப் புள்ளியை மட்டும் நம்பிவிடாதீர்கள்! நம் ஆற்காடு மக்கன் பேடாவுக்கும் பச்சைப் புள்ளிதான்; இந்திய விதிப்படி பால் சைவம். மருந்துக் கடையிலேயே பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், கூச்சம் வேண்டாம். மாத்திரைக்குப் பதிலாகத் திரவ இனிப்புச் சொட்டுகளையும் கேட்டுப் பாருங்கள்.

இந்த இனிப்பூட்டிகள் விலங்குகள்மீது சோதிக்கப்பட்டவை என்பது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் உங்கள் உடல்நலத்தை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம், சகோதரி.