அளந்தது எது, நினைத்தது எது: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் உறைபனியில் தொடங்கி விமானம், நியூட்ரினோ, ஜாம் என்று எங்கெங்கோ போகின்றன. எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது அவற்றுக்கு அடியில் ஒரே கவலை ஓடுவது தெரிந்தது. கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் நான் தேடியதைத்தான் சொல்கிறதா? ஆய்வு செய்கிறவருக்கு இதைவிடத் தேவையான கவலை வேறில்லை என்பது என் எண்ணம். அதனால் எல்லாப் பதில்களையும் அந்தப் பக்கம் இருந்தே எழுதுகிறேன்.

கேள்வி: குளிர்ந்த நீரைவிட வெந்நீர் விரைவில் உறையும் என்று படித்துவிட்டு மூன்று முறை செய்துபார்த்தேன். ஒரு முறை வெந்நீர் முந்தியது, இரண்டு முறை பிந்தியது. எங்கே தவறு செய்தேன்?

தவறு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நிற்கும் இடத்தில் பெரிய ஆய்வாளர்களும் நின்றிருக்கிறார்கள். 1963-இல், இன்றைய டான்சானியாவில், எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் கலவையை ஆறவிடாமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தார். அது மற்றவர்களுடையதற்கு முன்பே உறைந்தது. காரணம் கேட்டபோது யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் பள்ளிக்கு வந்த இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் துணிந்து கேட்டார். ஆஸ்போர்ன் அந்தக் கேள்வியை மதித்துச் சோதித்துப் பார்த்தார். 1969-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஒரு மாணவனின் கேள்வியை உதறித் தள்ளாத அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதலில் ‘உறைதல்’ என்று எதைக் குறித்தீர்கள்? நீர் பூஜ்ய டிகிரியைத் தொட்ட நேரமா, முதல் பனித்துகள் தோன்றிய நேரமா, முழுதும் கட்டியான நேரமா? மூன்றும் வேறு வேறு. நீர் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கியும் திரவமாகவே நிற்கக்கூடும். இந்த மீக்குளிர்வு எப்போது முடியும் என்பது பெரும்பாலும் தற்செயல். சூடான பாத்திரம் தன் அடியில் இருக்கும் உறைபனியை உருக்கித் தட்டோடு ஒட்டிக்கொண்டால் வெப்பம் எளிதாக இறங்கிவிடும். ஆவியாகிப் போவதால் வெந்நீரின் அளவும் குறைகிறது.

2016-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, பூஜ்ய டிகிரியை எட்டும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த விளைவுக்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று முடித்தது. வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் அளவு மேலே அல்லது கீழே வைத்தாலே வெந்நீர் முந்தியதுபோன்ற தோற்றம் வந்துவிடும் என்றும் அது காட்டியது. ஆகவே இரு நீரையும் எடைபோட்டு எடுங்கள், வெப்பமானியைத் தாங்கியில் பொருத்தி உயரத்தை நிலையாக்குங்கள், பாத்திரங்களை உறைபெட்டிக்குள் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். மூன்று முறை போதாது. முப்பது முறை செய்யுங்கள்.

கேள்வி: ஒரே நிரல், ஒரே தரவு. இரண்டு கணினிகளில் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்கள் வேறுபடுகின்றன. எதை நம்புவது?

இரண்டுமே அதனதன் வழியில் சரியாக இருக்கலாம். இன்றைய கணினிகள் தசம எண்களைக் கையாளும் முறை, 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தைச் சார்ந்தது. அதை உருவாக்கியதில் கணிதவியலாளர் வில்லியம் கஹானுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்படி ‘இரட்டைத் துல்லிய’ எண் ஒன்றில் ஏறத்தாழ 16 தசம இலக்கங்கள் நிற்கும். அதற்கு மேல் வரும் இலக்கங்கள் விடப்பட்டு, எண் அருகிலுள்ள மதிப்புக்கு மாற்றப்படும். விளைவு என்னவென்றால், எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

காகிதமே வேண்டாத ஒரு சோதனை: 1-க்குப் பின் 16 பூஜ்யங்கள் கொண்ட எண்ணுடன் 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழியுங்கள். கணினி 0 என்று சொல்லும். பெரிய எண்ணிலிருந்து அதையே முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் 1 என்று சொல்லும். உங்கள் இரண்டாவது கணினியில் மையச் செயலியின் கருக்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கூடுதலாக இருந்தால், வேலை வேறு விதமாகப் பங்கிடப்பட்டுக் கூட்டல் வரிசை மாறியிருக்கும். நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பியின் பதிப்பு மாறினாலும் இதே கதைதான்.

அந்தக் கடைசி இலக்கங்களுக்கு மதிப்பு உண்டா என்பதையே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பல வேலைகளில் இல்லை. சிலவற்றில் உயிர்போகும் அளவுக்கு உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு வந்த ஏவுகணையைத் தவறவிட, 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. 0.1 என்ற எண்ணுக்கு இரும முறையில் முடிவே கிடையாது. 24 இரும இலக்கங்களோடு வெட்டியதில் மிகச் சிறு பிழை நின்றது. நூறு மணி நேரம் ஓடியபின் அது சுமார் 0.34 வினாடியாக வளர்ந்திருந்தது. அந்த வேகத்தில் பாயும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீட்டருக்கும் மேல்.

கூட்டல் வரிசையை வேண்டுமென்றே மாற்றிப் பல முறை ஓட்டுங்கள். எந்த இலக்கம்வரை விடை அசையாமல் நிற்கிறதோ அதுவரை மட்டும் ஆய்வேட்டில் எழுதுங்கள். மிக நீண்ட கூட்டல் என்றால், தவறிய துணுக்குகளைத் தனியே சேர்த்து வைக்கும் கஹானின் 1965 முறை பெரிதும் கைகொடுக்கும்.

கேள்வி: என் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. இயற்பியலில் மட்டும் ஏன் ஐந்து சிக்மா கேட்கிறார்கள்?

உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பே பி-மதிப்பு. தற்செயலான ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு சிக்மா. 0.05 என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. 1920-களில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வசதிக்காக முன்வைத்த வழக்கம். உண்மையில் எந்த விளைவும் இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தால், சராசரியாக ஒன்று தற்செயலாகவே அந்த எல்லையைத் தாண்டும். துகள் இயற்பியலில் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறார்கள். அதனால்தான் ஐந்து சிக்மா, அதாவது ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு வாசலை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் அந்த வாசலைக் கடந்து வந்தது.

ஆனால் சிக்மாவை வழிபடவும் வேண்டாம். 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற ஆய்வுக் குழுவினர், ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்குச் சுமார் 730 கிலோமீட்டர் கடந்து வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக அறிவித்தார்கள். அவர்கள் கணக்கில் அது ஆறு சிக்மா! பிறகு தெரிந்தது, நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது. அதே ஆய்வகத்தில் இருந்த இக்காரஸ் குழுவின் அளவீடும் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது. சிக்மாவுக்குள் அடங்குவது நீங்கள் கணக்கில் எடுத்த பிழைகள் மட்டுமே. தளர்ந்த கேபிள் எந்தச் சூத்திரத்திலும் வராது.

ஓபெரா குழுவினரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தங்களால் விளக்க முடியாததை மறைக்காமல் வெளியே வைத்தார்கள், பிழையைக் கண்டுபிடிக்க உதவுங்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள், கண்டுபிடித்ததும் சொன்னார்கள். உங்கள் கட்டுரையை எழுதுங்கள். அதற்கு முன், எத்தனை சோதனைகள் செய்து இந்த ஒன்றை எடுத்தீர்கள் என்பதையும் அதே கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நுண்ணலை அடுப்பு, நீர் மூலக்கூறின் ஒத்திசைவு அதிர்வெண்ணில் (மூலக்கூறு இயல்பாக அதிரும் வேகத்தில்) இயங்குவதால்தான் உணவை உள்ளிருந்து சூடாக்குகிறதா?

இரண்டு பாதியும் சரியில்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் நீரின் ஒத்திசைவு அன்று. திரவ நீர் அலையை மிக வலுவாக உறிஞ்சுவது அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களில். அங்கே இயக்கினால் மேற்பரப்பே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். இந்த அதிர்வெண்ணில் அலை சில சென்டிமீட்டர் உள்ளே போகிறது. அதற்கும் உள்ளே வெப்பம் கடத்தலால்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒரே இடத்தில் வெப்பமானியைக் குத்திவிட்டு ‘உணவின் வெப்பநிலை’ என்று எழுத வேண்டாம்.

கேள்வி: இயந்திரப் பொறியியல் ஆய்வில் இருக்கிறேன். என் அலுமினியக் கலவை மாதிரித்துண்டு நிலைச்சுமைச் சோதனையில் தாங்கிவிட்டது. துண்டு செய்யச் செலவு அதிகம் என்பதால் அதையே சோர்வுச் சோதனைக்கும் (சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கும்) பயன்படுத்தலாமா?

வேண்டாம். இந்தச் சிக்கனத்துக்கு விமான வரலாறு மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

1952-இல் பயணச் சேவைக்கு வந்த காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரியில் ஒன்று எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. ஒன்று 1,290 பறப்புகளையும் மற்றொன்று 900 பறப்புகளையும் முடித்திருந்தன. வடிவமைத்தவர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் அல்லர். அவர்களுடைய உடற்பகுதி மாதிரி சுமார் 16,000 அழுத்தச் சுழற்சிகளைத் தாங்கியிருந்தது. ஆனால் அதே மாதிரியை அதற்கு முன்பே, வேலை அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்குக்கு ஏற்றிச் சோதித்திருந்தார்கள்.

அப்படி ஏற்றும்போது துளைகளின், திறப்புகளின் விளிம்பில் உலோகம் சிறிது நெகிழ்ந்து நிரந்தரமாக நீளும். சுமையை எடுத்ததும் சுற்றியுள்ள உலோகம் அந்த விளிம்பை நெருக்கிப் பிடிக்கும். எஞ்சி நிற்கும் இந்த அமுக்கத் தகைவு (உலோகத்துக்குள் நிற்கும் நெருக்கு விசை) விரிசல் பிறப்பதைத் தள்ளிப்போடும். அதாவது முதல் சோதனையே மாதிரியை வலுப்படுத்திவிட்டது. பறந்த விமானங்களுக்கு அந்த வலு கிடைக்கவில்லை.

பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். காற்றுக்குப் பதில் நீர் ஏன் என்றால், நீர் அமுங்காது. உடைந்தால் வெடித்துச் சிதறாது, விரிசல் தொடங்கிய இடத்தை அப்படியே காணலாம். எத்தனை அழகான யோசனை! பறந்தவை 1,221, தொட்டியில் 1,836, ஆக 3,057 சுழற்சிகளில் அது திறப்பு ஒன்றின் மூலையில் கிழிந்தது.

‘சதுர ஜன்னல்தான் காரணம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த ஜன்னல்களுக்கு வளைந்த மூலைகள் இருந்தன. எல்பா விமானத்தின் கூரையில், வானொலித் திசைகாட்டிக்கான திறப்பின் மூலையருகே சோர்வு விரிசலின் தடம் கிடைத்தது. ஆய்வேட்டில் காமெட்டைக் குறிப்பிட்டால் இதைத் திருத்தி எழுதுங்கள்.

உங்கள் துண்டு அலுமினியக் கலவை என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். எஃகுக்குப் பெரும்பாலும் ஒரு சோர்வு எல்லை உண்டு. அதற்குக் கீழான தகைவில் எத்தனை சுழற்சியும் தாங்கும் என்று கொள்ளலாம். அலுமினியத்தில் அப்படித் தெளிவான எல்லை தென்படுவதில்லை. ஒவ்வொரு தகைவு நிலைக்கும் புதிய துண்டுகள், ஒன்றுக்கு மேற்பட்டவை, வேண்டும். செலவு முட்டினால் தகைவு நிலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கேள்வி: இரண்டு உணவு மாதிரிகளிலும் உலர் அடுப்பு முறையில் (சூட்டில் குறையும் எடையை நீராகக் கொள்ளும் முறையில்) ஒரே அளவு ஈரம்தான் கிடைத்தது. ஆனால் ஒன்றில் மட்டும் பூஞ்சை வந்துவிட்டது.

அடுப்பு சொன்னது எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை. பூஞ்சைக்குத் தேவை, அதில் எவ்வளவு தனக்குக் கிடைக்கும் என்பது. ரொட்டியிலும் ஜாமிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்தான். ரொட்டி சில நாளில் கெடுகிறது, ஜாம் நிற்கிறது. சர்க்கரை அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை அளக்கும் எண்தான் நீர்ச்செயல்பாடு: மூடிய அறையில் உணவுக்கு மேலுள்ள நீராவி அழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீருக்கு மேலுள்ள அழுத்தத்தால் வகுத்தது. 1950-களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட்டின் ஆய்வுகளுக்குப் பிறகு இது உணவு அறிவியலில் வேரூன்றியது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 0.86 அளவுவரை தாக்குப்பிடிக்கும், பூஞ்சைகளில் பல அதற்கும் கீழே போகும், 0.6-க்குக் கீழே எதுவும் பெருகுவதில்லை.

அடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நறுமணப் பொருள்கள் ஆவியானாலும் எடை குறையும். அதையும் நீர் என்றே கணக்கு வைத்திருப்பீர்கள். சர்க்கரை மிகுந்த மாதிரியானால் சூட்டில் சர்க்கரையே சிதைந்து எடை இழக்கும். அதற்கு, நீரோடு வினைபுரியும் வேதிப்பொருளால் நீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் முறை அல்லது வெற்றிட அடுப்பு பொருந்தும்.

நீர்ச்செயல்பாட்டுக் கருவி கிடைத்தால், மாதிரியை வைப்பதற்கு முன் நிறைவுற்ற சாதாரண உப்புக் கரைசலை 25 டிகிரி செல்சியஸில் வைத்துப் பாருங்கள். 0.753 வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு மாதிரியை எடுக்காதீர்கள்.