நிர்வாகி எழுதினால் சந்தை செவிசாய்க்குமா? பெங்களூருவிலிருந்து ஒரு கேள்வி பதில்

தொழில் நிறுவன நிர்வாகிகளின் கட்டுரைகளையும் உரைகளையும் இருபது ஆண்டுகளாகச் செம்மைப்படுத்தி வரும் பெங்களூருத் தமிழர் ஒருவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

பீன்யா வாசகர்: இருபத்தைந்து பேர் வேலை செய்யும் இயந்திரப் பட்டறை நடத்துகிறேன். தாட் லீடர்ஷிப், அதாவது துறை அறிவை எழுதிப் பகிர்ந்து நம்பிக்கை பெறுவது என்பதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானதா?

பதில்: சிறிய பட்டறைக்குத்தான் அது கூடுதலாகப் பயன்படும். உங்களைப் போன்ற ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கட்டுரை, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று தொடங்கியது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசியாக உங்களிடம் திரும்பி வந்த பாகம் எது என்று கேட்டேன். ஆழமான துளை ஒன்றின் உட்சுவரில் அலை அலையாக வரி விழுந்திருந்ததாம். துளையின் உட்புறத்தைக் கடையும் எஃகுத் தண்டான போரிங் பார், அதைப் பிடித்திருக்கும் ஹோல்டருக்கு வெளியே தன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் அதிரத் தொடங்கும்; அந்த அதிர்வுதான் வரியாக விழுகிறது. எஃகைவிட விறைப்பான கார்பைடு பார் ஏறத்தாழ ஆறு மடங்கு வரை தாங்கும். அதற்கும் மேல் அதிர்வு தணிக்கும் பார் வேண்டும், அதன் விலையோ மிக அதிகம். வரைபடத்தில் துளையின் ஆழத்தைச் சற்றே குறைத்தால் செலவு எப்படி இறங்கும் என்பதை அவர் விளக்கி முடித்தபோது கட்டுரையும் முடிந்திருந்தது. அதைக் கொள்முதல் பொறியாளர் எடுத்துவைத்துக்கொள்வார். தாரக மந்திரத்தை எவரும் எடுத்துவைப்பதில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: வாரத்துக்கு எத்தனை பதிவுகள் எழுத வேண்டும்?

பதில்: சொல்வதற்கு ஏதேனும் இருக்கும் வாரத்தில் ஒன்று.

கோரமங்களா வாசகர்: எங்கள் நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் உள்ளன. இந்தக் காலாண்டு நன்றாகப் போகிறது என்று தலைமை அதிகாரி லிங்க்டுஇனில் எழுதலாமா?

பதில்: கூடாது. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைப் பகிர்வதை பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு இன்சைடர் டிரேடிங் (உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) தடை விதிகள் அனுமதிப்பதில்லை. முதலில் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில், டெஸ்லாவைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கித் தனியார் நிறுவனமாக்க நிதி உறுதியாகிவிட்டதாக எலான் மஸ்க் 2018 ஆகஸ்டில் இட்ட ட்வீட்டின் விளைவாக, அவரும் நிறுவனமும் தலா 2 கோடி டாலர் அபராதம் செலுத்தினர். நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவர் பதவியையும் அவர் விட்டு விலக நேர்ந்தது.

ஜெயநகர் வாசகர்: எங்கள் இயக்குநருக்கு நேரமில்லை. ஏஜென்சியை எழுதச் சொல்லலாமா?

பதில்: வடிவத்தை ஒப்படைக்கலாம், சரக்கை ஒப்படைக்க முடியாது. அவரை நாற்பது நிமிடம் பேசவிட்டுப் பதிவுசெய்து, அதிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

அல்சூர் வாசகர்: மன்னிக்கவும், பிறர் எழுதியதற்குத் தம் பெயரைப் போட்டுக்கொள்வது மோசடி அல்லவா?

பதில்: அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம் நிறுவனப் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்களை 1977 முதல் பல்லாண்டுகள் செம்மைப்படுத்தியவர் கரோல் லூமிஸ் என்ற பத்திரிகையாளர். அக்கடிதங்கள் பஃபெட்டுடையவை அல்ல என்று எவரும் சொல்வதில்லை.

அல்சூர் வாசகர்: அது செம்மையாக்கம், நீங்கள் சொல்வது முழுமையாக எழுதித் தருவது. இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிக்கொடுத்த கட்டுரையைப் பற்றி மாநாட்டு மேடையில் கேட்டபோது, அந்த இயக்குநர் அதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். பிழை என்னுடையதுதான், அவர் நினைத்ததை விட்டுவிட்டு, அவர் நினைத்திருக்க வேண்டும் என்று நான் கருதியதை எழுதியிருந்தேன். அன்று முதல், கட்டுரைக்கு வரும் கேள்விகளுக்குத் தாமே பதில் எழுத முடியாதவருக்கு நான் எழுதுவதில்லை.

அல்சூர் வாசகர்: 'எழுத்துதவி' என்று உங்கள் பெயரையும் போடலாமே?

பதில்: தாராளமாகப் போடலாம். இதுவரை போட்டவர் ஒருவர்தான்.

மகாதேவபுரா வாசகர்: தினமும் எழுதினால் விரைவில் பெயர் கிடைக்குமா?

பதில்: ஒயிட்ஃபீல்டு வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். எத்தனை மணிக்கு வெளியிடலாம் என்று கேட்டிருக்கும் மூவருக்கும் அதுவே பதில்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்த வேலையைப் பற்றி எழுதலாமா?

பதில்: முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அவர்களுடையது பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால், செபியைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும். உங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர், அவர்கள் இன்னும் அறிவிக்காத விரிவாக்கத் திட்டமாக இருக்கக்கூடும். எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மறுத்துவிட்டால், அவர்களை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காமல், நீங்கள் தீர்த்த சிக்கலை மட்டும் எழுதுங்கள்.