அரிவாள் செல் நோயில் ரத்தச் சிவப்பணு ஏன் வளைந்துபோகிறது?

சிவப்பணுவின் வேலை நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்க இறக்குவது. அதைச் சுமப்பது அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். அரிவாள் செல் நோயில், ஆக்சிஜனை இறக்கியதும் இந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகிவிடும், மெத்தென்று இருந்த வட்ட அணு விறைத்து அரிவாள் மாதிரி வளைந்துவிடும். கோளாறு அந்தப் புரத மூலக்கூறிலேயே இருக்கிறது என்று 1949-ல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழு காட்டியது, எனக்கு இன்றும் பிரமிப்பு தரும் ஆய்வு. அப்புறம் 1956-57-ல் உயிர்வேதியியலாளர் வெர்னான் இங்க்ராம், அந்தப் புரதத்தைக் கட்டும் சிறு அலகுகளான அமினோ அமிலங்களில் ஒரே ஒன்று மாறியிருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

சரி, வலி ஏன்? பாம்பன் பாலத்துக்கு அடியில் படகுகள் வரிசையாகப் போகும்போது ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும் இல்லையா, நுண்ணிய ரத்தக்குழாயிலும் அதேதான் நடக்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் சதைக்கும் எலும்புக்கும் ஆக்சிஜன் போகாமல் கடுமையான வலி வரும். சாதாரண அணு சுமார் 120 நாள் இருக்கும், இந்த அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும், அதனால்தான் ரத்தசோகை.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இது சத்துக் குறைவால் வருவதில்லை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வழியாக வருகிறது.