ஏஏ கூட்டத்துக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. விடிந்தால் சாராயம் வேண்டும். சின்ன வயதில் அப்பா அடித்த அடியைச் சொல்லி வெறியில் அழுவான். ஏஏ (Alcoholics Anonymous) என்று, குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் கூட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டுக் கதையை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமா? குடியை நிறுத்த வைக்கும் 'ஹோம்' ஒன்றில் சேர்த்துவிட ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார்.
- வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, வாய் திறக்காமல் வரலாம். குடியை விட விருப்பம் இருந்தால் போதும், முழுப்பெயரும் கேட்கமாட்டார்கள். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது இது. ஒருவர் வைத்தியர், மற்றவர் பங்குச் சந்தைத் தரகர். ஏஏயில் தரகருக்கு இடம் அந்த ஒரு தடவைதான். கட்டணம் கிடையாது, விரும்பினால் உண்டியலில் சில்லறை போடலாம். 'சேர்த்துவிட' யாராவது காசு கேட்டால் அது ஏஏ இல்லை.

அப்பாவின் கதைக்கும் நேரம் வரும். அங்குள்ள பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறப்பது. ஒருவரிடம், கூட்டத்திடம் அல்ல. குடியை விட்ட புதிதில் அந்தப் புண்ணைக் கிளறினால் போத்தலைத்தான் தேடுவார். கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு உளவளத்துணையாளரிடம் கூட்டிப் போங்கள். தம்பி சொல்வதைச் சாட்டு என்று தள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் 9,500 பேருக்கு மேல் கேட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் பலவகைக் கொடுமை பட்டவர்கள் குடிக்கு அடிமையாகும் அபாயம் பல மடங்காக இருந்தது.

இனித்தான் முக்கியமான விஷயம். காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறது என்றால் 'இன்றோடு விடு' என்று அறையில் பூட்டாதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத பூச்சி சுவரில் ஊரும், ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவார், உயிரும் போகலாம். பேய் பிடித்தது என்று நூல் கட்டப் போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இப்படிப்பட்டவரின் குடியை வைத்தியர் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகு. மறுபடி சொல்கிறேன்: முதலில் வைத்தியசாலை, பிறகு கூட்டம்.

அந்த ஒன்றரை லட்சக்காரரிடம் அனுமதிப்பத்திரம் கேளுங்கள். போதைப்பொருள் சிகிச்சை நிலையங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அது கட்டாயம். பத்திரம் 'அலுவலகத்தில் இருக்கிறது' என்பார், எழுந்து வந்துவிடுங்கள். அடித்துத் திருத்துகிற இடங்கள் உண்டு. அடிபட்டே குடிக்கப் போனவரைக் காசு கொடுத்து அடிக்க விடுவதா?

இன்னொருவர் கறியில் கலக்கத் தூள் தருவார். குடியை நிறுத்த வைத்தியர் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையை இடித்ததாக அது இருக்கலாம். தெரியாமல் மேலே சாராயம் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். அவருக்குத் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள்.

அரச கிளினிக்கில் காசு இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். தலைநகரில், அரச மொழியான தமிழில், மனம் திறந்து பேச ஒருவரைத் தேடி அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. கேட்டு வாங்குங்கள். இரவில் அவசரமென்றால் அங்கொடை மனநல நிறுவகத்தின் 1926. போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. ஏஏ கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. தம்பி வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.