பதினோரு நாளாக ஒரே வரி

கேள்வி: தினமும் காலையில் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடுகிறேன். இருபது எழுதினால் பன்னிரண்டையாவது முடித்துவிடுவேன். ஆனால் முக்கியமான வேலை மட்டும் அப்படியே நிற்கிறது. அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய அரையாண்டு அறிக்கையைப் பதினோரு நாளாக அடுத்த பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறேன். போன முறை நான் எழுதியதை எல்லோர் முன்னாலும் வைத்துத் திருத்தினார்கள். அதனால் இந்த முறை பிழையே இல்லாமல் செய்ய வேண்டும். ராத்திரி படுத்தாலும் அதே நினைப்புதான். நான் சோம்பேறியா? பட்டியல் போடுவதையே விட்டுவிடலாமா? பதினோராம் நாள் பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி

பதில்: நீங்கள் சோம்பேறி இல்லை. சோம்பேறி ஒரே நாளில் பன்னிரண்டு வேலை முடிக்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். மின் கட்டணம், அக்காவுக்கு போன், பழைய மெயில்களுக்குப் பதில், அலமாரி, கண் டாக்டர்... இவற்றுக்கு நடுவே, நான்காவது வரியில் ‘அறிக்கை’. அதன் கீழே இரண்டு கோடு, சுற்றி ஒரு வட்டம். கடைசி வரி ‘மேசை துடைத்தல்’. அது மட்டும் வேறு மையில் இருக்கிறது. முதலில் துடைத்துவிட்டு, அப்புறம் எழுதி டிக் அடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தப்பே இல்லை. இன்றைக்கு ஏதோ ஒன்றை முடித்தோம் என்ற நிம்மதி உங்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த நான்காவது வரிக்கு வருவோம். ‘அக்காவுக்கு போன்’ என்று படித்ததும் கை போனைத் தேடுகிறது. ‘அறிக்கை’ என்று படித்தால் கை எங்கே போகும்? எங்கேயும் போகாது. ஏனென்றால் அது ஒரு வேலை இல்லை, பத்துப் பதினைந்து வேலைகள் சேர்ந்த குவியல். கணக்கு எடுக்க வேண்டும், போன அறிக்கையைத் தேட வேண்டும், யாரிடமோ இரண்டு விவரம் கேட்க வேண்டும், அப்புறம்தான் எழுதவே உட்கார முடியும். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், பார்க்கும்போதெல்லாம் மலைப்புதான் வரும். கோடு போட்டாலும் வட்டம் போட்டாலும் மலைப்புதான் கூடும்.

அதை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஆறு மாதக் கணக்குத் தாள்களை எடுத்து, ஒவ்வொரு மாதத்தின் மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதுவது. காலை 10 மணி, என் மேசை, 20 நிமிடம்.’ இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறு எண்கள்தான். அது முடிந்ததும் அடுத்த வரியை எழுதுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

பயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தின் கனமெல்லாம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் திருத்தினார்கள். நாம் ஒரு வேலையைத் தள்ளிப்போடும்போது பெரும்பாலும் தள்ளி வைப்பது அந்த வேலையை அல்ல, அது கிளப்பும் சங்கடத்தை. அலமாரியை அடுக்கினால் அந்தச் சங்கடம் ஒரு மணி நேரம் மறக்கும். பிறகு இரட்டிப்பாகத் திரும்பி வரும். ‘பிழையே இல்லாமல்’ என்ற நிபந்தனையை முதல் பிரதிக்கு வைக்காதீர்கள். முதல் பிரதி உங்கள் கண்ணுக்கு மட்டும். அரைகுறை வாக்கியமும் விட்டுப்போன எண்ணும் இருக்கட்டும். இரண்டாவது பிரதியை உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். திருத்தம் தனியாக, முன்கூட்டியே நடந்துவிடட்டும்.

பட்டியலை விட வேண்டாம். ராத்திரி அதே நினைப்பு வருகிறது என்கிறீர்களே, அதற்கும் அதுதான் வழி. முடிக்காத வேலை முடித்த வேலையைவிட மனதில் அதிகம் நிற்கிறது என்று ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இலேயே எழுதினார். 2011-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ஆறுதலான ஒரு விஷயம் தெரிந்தது. வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்குகிறதாம். வெறும் ‘அறிக்கை’ என்ற சொல் திட்டம் ஆகாது. நேரமும் இடமும் முதல் அசைவும் இருந்தால்தான் மனம் நம்பி விடுகிறது. அதனால் பட்டியலைக் காலையில் எழுதாமல் முந்தின இரவே எழுதி வையுங்கள்.

இருபது வரியும் வேண்டாம். நினைவுக்கு வருவதையெல்லாம் கொட்டி வைக்க ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் நூறு வரி இருந்தாலும் பரவாயில்லை. அன்றைய நாளுக்கு ஒரு துண்டுத் தாள், அதில் மூன்றே வேலை. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் எழுதுங்கள், தாராளமாகவே எழுதுங்கள். நம் மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சுமார் 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சராசரியாகக் கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல்.

எந்த மூன்று என்று தேர்ந்தெடுக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதை இந்த வாரம் செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்? மெயில்கள் சத்தம் போடும், ஆனால் பெரும்பாலானவை நாளைக்கும் காத்திருக்கும். உங்கள் அறிக்கை சத்தமே போடாது. கெடு நாள் வரும்வரை சும்மா கிடக்கும். சத்தம் போடாததை முதலில், மெயிலைத் திறப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. மூன்று முறை மாற்றி எழுதிய வரியை நான்காவது முறை அப்படியே எழுதக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக உடைக்க வேண்டும், அல்லது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது அடித்துவிட வேண்டும். உங்கள் பட்டியலின் பதினாறாவது வரியில் ‘டிசைன் கோர்ஸ்’ இருக்கிறது. அது இப்போது உண்மையாகவே வேண்டுமா? வேண்டாம் என்றால் இன்றே அடித்துவிடுங்கள். அடிப்பதும் ஒரு முடிவுதான், அந்த இடமாவது காலியாகும்.

போன பதினோரு நாளுக்காக உங்களைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. திட்டு வாங்கிய மனம் மறுபடியும் அலமாரிப் பக்கம்தான் ஓடும். ஒருவேளை எல்லா வேலையிலும் இப்படித்தான், வாரக்கணக்கில் தூக்கமும் இல்லை என்றால் தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

இன்றிரவு படுக்கும் முன் அந்தக் கணக்குத் தாள்களை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. பத்து மணிக்கு உட்கார்ந்ததும் முதல் எண்ணை எழுதிவிடலாம்.