ரிஃப்ளெக்ஸோலொஜியால் உடம்பும் மனமும் ஆறுமா? சலரோகம் உள்ள அம்மாவுக்குச் செய்விக்கலாமா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது: யாழ்ப்பாணத்திலும் பாதத்தை அழுத்திச் செய்யும் ரிஃப்ளெக்ஸோலொஜி இப்போது கிடைக்கிறது, வேலைக் களைப்புக்கும் நித்திரையின்மைக்கும் அது உதவுமா, சலரோகம் உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

களைப்புக்கு உதவும், நித்திரைக்கும் உதவும். நோயை மாற்றுமா என்றால் மாற்றாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அதற்கு முன் அவரது கால்களை ஒருக்கா வடிவாகப் பார்க்கவேண்டும். அதைக் கீழே எழுதுகிறேன்.

நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுவதும் சீமெந்துத் தரையில் நின்றே கழிந்ததால், கால் உளைவு என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிள்ளை தன் வீட்டின் முன்னறையில் இதைச் செய்கிறார், கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். இடைக்கிடை நான் அங்கே போவதுண்டு.

முதலில் கால் இரண்டையும் இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துவாயால் ஒற்றி எடுப்பார். பிறகு சாய்கதிரையில் காலை நீட்டி வைத்து, கணுக்காலை மெல்லச் சுழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவார். எண்ணெய் பூசுவதில்லை, கொஞ்சம் பவுடர் மட்டும்தான். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கும், இந்த முறைக்கு வழுக்கினால் சரிவராது. தன் கைப் பெருவிரலின் நுனி மூட்டை மடக்குவது, அழுத்துவது, நிமிர்த்துவது, ஒரு நூல் தள்ளி மறுபடி மடக்குவது. இப்படிக் குதிக்காலிலிருந்து விரலடி வரைக்கும் ஒரு மயிர்க்கொட்டி ஊர்வதுபோல அவரது பெருவிரல் ஊர்ந்து போகும். நகம் ஒட்ட வெட்டியிருப்பார். நகம் நீட்டி வளர்த்தவர்களிடம் காலைக் கொடுக்காதீர்கள், அது ஒன்றே அவர்களின் பயிற்சியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நடுவில் "அன்ரி, நோகுதோ? சொல்லுங்கோ, குறைச்சுப் பிடிக்கிறன்" என்று கேட்பார். கால் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டிலும் உள்வளைவிலும் எனக்கு நோகும். அந்த நோ சுகமான நோ. பல்லைக் கடிக்க வைக்கிற நோ என்றால் நிறுத்தச் சொல்லவேண்டும். "நோகட்டும், நோக நோகத்தான் வருத்தம் போகும்" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள்.

முக்கால் மணித்தியாலத்தில் முடியும். அதற்குள் பாதிப்பேர் குறட்டை விடத் தொடங்கிவிடுவார்கள் என்கிறார் அந்தப் பிள்ளை. எனக்கு அன்றிரவு நித்திரை கெதியாக வரும், கால் பாரம் குறைந்திருக்கும். அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கு வந்துவிடுவேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தசைகளும் தசைநார்களும் உண்டு. நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் கிடந்து இறுகிப்போன அவை அழுத்தத்தால் இளகுகின்றன. உள்ளங்கால் தோலில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் அதிகம். அங்கே மெதுவாகவும் ஒரே சீராகவும் அழுத்தம் பட்டால் உடம்பு பரபரப்பிலிருந்து ஓய்வுக்கு மாறும், மூச்சு ஆழமாகும், நாடித்துடிப்பு கொஞ்சம் இறங்கும். சிலருக்கு இரத்த அழுத்தமும் அந்த நேரத்துக்குச் சற்றுக் குறையும். அந்த நேரத்துக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரஷர் குளிசையை இதற்காக நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, சுவரில் தொங்கும் அந்தப் பாதப் படத்துக்கு வருவோம். கால்விரல்கள் தலைக்கு, விரலடி மேடு சுவாசப்பைக்கு, வலது உள்ளங்கால் ஈரலுக்கு, இடது காலில் இதயம், உள் விளிம்பு முழுவதும் முதுகெலும்பு, குதிக்கால் இடுப்புக்கு. அந்தந்த இடத்தை அழுத்தினால் அந்தந்த உறுப்பு சீராகும் என்பதுதான் ரிஃப்ளெக்ஸோலொஜியின் மூலக் கொள்கை. இதை ஐயாயிரம் வருஷத்துக் கீழைத்தேய ஞானம் என்று விளம்பரம் செய்வார்கள். எகிப்தில் சக்காராவில் உள்ள ஒரு கல்லறைச் சிற்பத்தில் ஒருவர் இன்னொருவரின் காலைப் பிடித்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் கால் பிடித்துவிடுவது வேறு, பாதத்தில் ஈரலைத் தேடுவது வேறு. இன்றைக்குச் சுவரில் தொங்கும் படம் அமெரிக்காவில் பிறந்தது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற காது மூக்குத் தொண்டை வைத்தியர் உடம்பை நெடுக்காகப் பத்து வலயங்களாகப் பிரித்து, விரல்களை இறுக்கினால் வேறிடத்து நோ மரத்துப்போகும் என்று சொல்லி 1917இல் புத்தகம் எழுதினார். 1930களில் யூனிஸ் இங்கம் என்ற பெண்மணி அந்த வலயங்களைப் பாதத்துக்குக் கொண்டுவந்து புள்ளி புள்ளியாகப் படம் போட்டார்.

எங்கள் ஆட்கள் இதைக் கேட்டதும் "இது எங்கட சித்தர்கள் சொன்னதுதானே" என்பார்கள். சித்த வைத்தியத்தில் வர்மம் உண்டு, உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் உண்டு. தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என இன்னும் சிலவும் சேர்த்து ஒன்பது வகை சொல்வார்கள். அவை தனிப் படிப்பு. அதில் நாட்டம் இருந்தால், யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் நடக்கும் கைதடிப் பக்கம் போய் முறையாகப் படித்தவரிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால் சித்த வைத்தியத்துக்கும் பெருமை இல்லை.

உள்ளங்காலிலிருந்து போகும் நரம்புகள் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேருகின்றன. ஈரலுக்கு என்று பாதத்திலிருந்து தனி வழி ஏதும் இல்லை. எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர் 2009இல் 18 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தார். எந்த நோயையும் ரிஃப்ளெக்ஸோலொஜி மாற்றும் என்று நம்பத்தக்க ஆதாரம் அவற்றில் இல்லை என்பதே அவரது முடிவு. அவுஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், 2019 ஏப்ரலிலிருந்து தனியார் மருத்துவக் காப்புறுதியில் இதற்குப் பணம் தருவதை அங்கே நிறுத்திவிட்டார்கள். பதற்றம், களைப்பு, நித்திரை விஷயத்தில் நல்ல பலன் சொல்லும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் படத்தின்படி அழுத்தியவர்களையும் படம் பார்க்காமல் சும்மா காலைப் பிடித்துவிட்டவர்களையும் ஒப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. படம் இல்லாமலே சுகம் கிடைக்கும் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

வேறொரு இடத்தில் ஒருவர் என் வலது உள்ளங்காலில் ஓரிடத்தை அழுத்தி, நான் "ஸ்" என்றதும், "ஈரல் பலவீனம்" என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார். கிழமைக்கு இரண்டு தரம் வரவேண்டுமாம், கூடவே ஒரு தூளும் வாங்கவேண்டுமாம். என் இரத்தப் பரிசோதனை அறிக்கை அப்போதுதான் வந்திருந்தது, ஈரலில் ஒரு குறையும் இல்லை. அந்த இடம் நொந்ததற்குக் காரணம் உள்ளே தையல் பிரிந்த என் சப்பாத்து. நான் தாதி என்பதால் சிரித்துவிட்டு வந்தேன். வேறு யாரும் என்றால் அன்றிரவு நித்திரை கொண்டிருக்கமாட்டார்கள். மனம் ஆறுவதற்குப் போய்ப் புது வருத்தம் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவதா? பாதத்தைப் பார்த்து நோய் சொல்கிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் காசு கொடுக்கவேண்டும், வீட்டிலேயே பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் கால் ஊன்றி விடுவது புதிதல்ல. தோட்டத்தால் வந்த அப்பா பாயில் குப்புறப் படுப்பார், சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று காலை உழக்கி விடுவார்கள். அம்மம்மாவுக்குப் பேத்தி பிடித்துவிடுவாள், கணவனுக்கு மனைவி பிடித்துவிடுவாள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அடுப்படியில் விடியத் தொடங்கி இரவு வரைக்கும் நின்ற அம்மாவின் காலை அந்த வயதில் யார் பிடித்தார்கள்? கிழவியான பிறகு பேத்தி வந்தால் உண்டு. பேத்தி இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிறாள். வட்ஸப்பில் "அம்மம்மா எப்படி இருக்கிறீங்கள்" என்று கேட்கலாம், காலைப் பிடிக்க முடியாது. பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர் மட்டும், மாதக்கணக்கில் இன்னொருவரின் கை தங்கள் மேல் படாமல் இருக்கிறார்கள். வார்ட்டில் இப்படியானவர்களின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போதே சிலர் கண்கலங்குவார்கள்.

அதனால்தான் "காசு குடுத்துக் கால் பிடிப்பிக்கிறதோ, என்ன எடுப்பு" என்று ஊர் கதைப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்த ஒரு பெண் முக்கால் மணித்தியாலம் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். யாரும் தேத்தண்ணீர் கேட்கவில்லை, போன் பையில் கிடக்கிறது, ஒருவர் முழுக்கவனத்தையும் அவளது காலில் வைத்திருக்கிறார். கிடைக்கிற ஆறுதலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆய்வுக்காரர்கள் இதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அது கழிக்கவேண்டிய பொருளாகத் தெரியவில்லை. நீங்களும் ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ என்றில்லாமல் அந்த நேரத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

வீட்டில் செய்வதென்றால் படம் எதுவும் வேண்டாம். படுக்கைக்குப் போகமுன் உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி, இரண்டு பெருவிரலாலும் குதிக்காலிலிருந்து மேலே மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். வீட்டில் வழுக்கினால் பரவாயில்லை. ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் எண்ணெயை வடிவாகத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களின் கதை எங்கள் வார்ட்டில் நிறைய.

இனி அம்மா. சலரோகம் பல வருஷம் இருந்தால் காலில் விறைப்பு வரும், உணர்ச்சி குறையும். அப்படிப்பட்டவரிடம் "நோகுதோ?" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. நோகாது என்பார், அழுத்திக் கன்றிப்போனதும் தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. ஆகையால் முதலில் கிளினிக்கில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெல்லிய நைலோன் இழையை உள்ளங்காலில் வைத்து வளையும் வரை அழுத்துவார்கள், அது கொடுக்கும் அழுத்தம் 10 கிராம். கண்ணை மூடிக்கொண்டு அது படுவதை அம்மா உணர்ந்து சொன்னால் நல்லது. உணர்ச்சி இருக்கிறது, இரத்த ஓட்டமும் சரி என்று டொக்டர் சொன்னால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பிடிக்கிறவரிடம் சலரோகம் என்று வாய்திறந்து சொல்லுங்கள், மென்மையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கால் கழுவும் நீரின் சூட்டை அம்மா தன் காலால் பார்க்கக்கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். வீட்டுக்கு வந்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் ஒருக்கா பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைவு என்றார்களா? அப்போது அழுத்துவது வேண்டாம், கிறீம் தடவிக் கையால் மெல்ல நீவிவிடுங்கள், விரலிடுக்கில் மட்டும் கிறீம் பூசவேண்டாம். அந்த ஆறுதலுக்குக் குறைவிருக்காது.

புண், வெடிப்பு, சேற்றுப்புண் இருக்கும்போது யாரும் போகவேண்டாம். கவுட் வந்து பெருவிரல் சிவந்து வீங்கியிருக்கும்போதும் அப்படித்தான். இரத்தத்தை ஐதாக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு அழுத்தினால் சட்டென்று கன்றிப்போகும், முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சுட்டு, நொந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைப் பிடிக்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்னூட்டத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த முள்ளுச் செருப்பையும் கால் பிடிக்கும் மெஷினையும் பற்றிக் கேட்டிருந்தார். உணர்ச்சி நன்றாக உள்ளவர்கள் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். சலரோகக்காரருக்கு அந்தச் செருப்பு வேண்டவே வேண்டாம். மெஷினில் சூடாக்கும் பொத்தான் இருந்தால் அதுவும் வேண்டாம். மருமகள் ஆசையாக அனுப்பியதென்றால் நீங்களே போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அம்மாவிடம் கொடுக்கவேண்டாம்.