எந்தக் கரண்டி?

அன்புள்ள ஐயா,

நான் கிராமத்தில் வேலை பார்க்கும் செவிலியர். இணையவழிப் பயிற்சிகளை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் முடிக்கிறேன். போன மாதம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி ஒரு பயிற்சி தமிழிலேயே கிடைத்தது. 'வாய்வழி நீரேற்றம்', 'அரைக் கரண்டி உப்பு' என்று போகிறது. அதை அப்படியே ஒரு தாயிடம் சொன்னேன். "எந்தக் கரண்டிங்க?" என்று கேட்டார். தமிழில் வந்துவிட்டதே, போதாதா என்கிறார்கள். போதுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

போதாது. அந்தத் தாய் கேட்டதை மொழிபெயர்த்தவர் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் கரண்டி என்றால் குழம்புக் கரண்டி. 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பதுதான், வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் இந்தக் கரைசலின் கணக்கு. குழம்புக் கரண்டியில் பாதி உப்பை அள்ளிப் போட்டால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பில் கொண்டுபோய் விடும். இதற்கென்றே விற்கும் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. அதிலும் 1 லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

இதே பாடத்தை வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்கள் 1980 முதல் 1990 வரை வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். அவர்கள் ஸ்பூன் பக்கமே போகவில்லை. மூன்று விரலால் ஒரு கிள்ளு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர், அவ்வளவுதான். பிறகு வேறொருவர் போய் அந்தத் தாய்மாரைக் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்களுக்குப் பாடம் மனப்பாடம். ஆனால் கரைசலைக் கொடுத்தவர்கள் குறைவு. விசாரித்தால், 'டயரியா' என்பது அந்த ஊர்ப் பேச்சில் காலரா மாதிரி கடுமையாகப் போவதற்கு மட்டும் பெயர். பால்குடிக் குழந்தைக்குப் போனால் 'தூத் ஹாகா', செரிக்காமல் போனால் 'அஜீர்ணோ', சீதமாகப் போனால் 'ஆமாஷா'. அதற்கெல்லாம் இந்தக் கரைசல் என்று தாய்மார்கள் நினைக்கவே இல்லை.

நம் ஊரிலும் பேதி வேறு, சீதபேதி வேறு, மாந்தம் வேறு. பல் முளைக்கும்போது போனால் அது நோயே இல்லை என்பார்கள். 'வயிற்றுப்போக்கு' என்ற ஒரே சொல்லில் பாடம் நடத்தினால் மாந்தக் குழந்தையின் தாய்க்கு அது யாருக்கோ சொன்னதாகத்தான் படும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் இலவச இணையப் பயிற்சித் தளம் தொடங்கியது. கொரோனா காலத்தில் அதன் பாடங்கள் 60க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயின. பெரிய வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு பாடம் தமிழுக்கு வந்ததும், வெளியிடும் முன் உங்களைப் போல பத்து செவிலியர்களிடம் கொடுத்து, பத்துத் தாய்மார்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால் வெளியிடலாம். அப்புறம், அதைப் போனில் இறக்கிவைத்து, சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கும்படி ஒலியாகவும் தர வேண்டும்.

தாய்மார்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் அவர்கள் வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். பயிற்சி நடத்தியவர்களுக்கும் அனுப்புங்கள், எனக்கும் அனுப்புங்கள். அந்த அம்மாவுக்கு நீங்கள் எந்தக் கரண்டியைக் காட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.